"போற வழியில பார்த்துக்கிடலாம்" என்று கிளம்பாதீர்கள்: நெல்லைச் சீமையின் பழைய இடங்களுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு, பள்ளி விடுமுறை விட்டால் போதும், வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். வந்த மறுநாள் காலையில் காபி குடிக்கும்போதே திட்டம் தயாராகிவிடும். திருச்செந்தூர் போகணும், குற்றாலத்துக்குப் போகணும், அல்வா வாங்கணும். அந்தப் பேச்சுக்கு நடுவில் யாராவது ஒருவர், "அந்த ஆதிச்சநல்லூர் எங்க இருக்கு? போற வழிதானே, அப்படியே பார்த்துக்கிடலாமா?" என்று கேட்பார். நானும் வண்டியில் ஏறிக்கொள்வேன். இப்படிப் பல வருஷங்களாகக் கூடப் போய் வந்ததில், நல்ல மனசோடு கிளம்புகிறவர்கள்கூடத் திரும்பத் திரும்பச் செய்கிற சில தவறுகள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. இந்த இடங்களை எல்லோரும் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்கிற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு அந்த "போற வழிதானே" என்கிற நினைப்பு. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் போனால் முதலில் கிருஷ்ணாபுரம், கொஞ்சம் தள்ளி ஆதிச்சநல்லூர், அப்புறம் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று வரிசையாக வரும். ரோட்டோரத்திலேயே இருப்பதால் வண்டியை ஓரங்கட்டி, கால் மணி நேரத்தில் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றும். மனசெல்லாம் சண்முகார்ச்சனையிலும் கடல் குளியலிலும் இருக்கும்போது, மூவாயிரம் வருஷத்து மண்மேடு கண்ணில் படவே படாது. திருச்செந்தூருக்கு ஒரு நாள், இதற்கு ஒரு நாள் என்று பிரித்துவிடுங்கள். முடியாதென்றால், இந்த முறை ஆதிச்சநல்லூரை விட்டுவிட்டு அடுத்த முறை அதற்கென்றே வாருங்கள். அரைகுறையாகப் பார்த்தவர்கள்தான் ஊருக்குப் போய் "அங்க ஒண்ணுமே இல்ல" என்று சொல்கிறார்கள்.

ஆதிச்சநல்லூரில் "ஒண்ணுமே இல்ல" என்று ஏன் தோன்றுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கரில் கிடக்கிற செம்மண் மேடு அது. உள்ளூர்க்காரர்கள் பறம்பு என்பார்கள். சரளைக்கல், உடைமரம், வெயில். கோட்டையையும் அரண்மனையையும் எதிர்பார்த்து வருகிறவருக்கு இது வெறும் பொட்டல். ஆனால் இது இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த காடு. 1876-இல் ஜெர்மானியரான ஜாகர் இங்கே தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்த தங்க நெற்றிப்பட்டங்கள், இரும்பு வாள்கள், எருமையும் சேவலும் நிற்கிற வெண்கலப் பாத்திரங்கள் எல்லாம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2004-05-இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது 160-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஆக, தங்கப் பட்டத்தைப் பார்க்கலாம் என்று ஆதிச்சநல்லூருக்கு வந்தால் ஏமாற்றந்தான். இங்கே பார்க்க வேண்டியது அந்தப் பொருள்கள் கிடந்த மண்ணை. 2023 ஆகஸ்டில் திறந்த கள அருங்காட்சியகத்தில், தோண்டிய குழியைத் தோண்டியபடியே விட்டு மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நின்று குனிந்து பார்த்தால், காலுக்கு நேர் கீழே தாழிகள் வாயைத் திறந்து கிடக்கின்றன. அந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாமாகவே பேச்சை நிறுத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

கையில் எடுத்த ஓடு

கள அருங்காட்சியகம் வருவதற்கு முன் நடந்தது இது. என் அத்தான் மகன், அப்போது கல்லூரி படிக்கிறவன், பறம்பில் நடக்கும்போது குனிந்து ஒரு ஓட்டை எடுத்தான். உள்ளங்கை அளவு. வெளிப்பக்கம் செங்கல் சிவப்பு, உள்பக்கம் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு, தடவினால் வழவழப்பு. சட்டைப் பையில் போடப் போனான். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சத்தம் கொடுத்தார்: "தம்பி, அத எங்க எடுத்தியளோ அங்கயே வச்சிருங்க. நம்ம பாட்டம்மாருல்லா கெடக்காவ." அவன் முகம் சுருங்கிவிட்டது. எடுத்த பள்ளத்தைத் தேடி அதிலேயே வைத்துவிட்டு வந்தான்.

அந்தப் பெரியவர் சொன்னதில் தொல்லியலின் பாதிப் பாடம் இருக்கிறது. கறுப்பு சிவப்புப் பானை என்று இதற்குப் பெயர். பானையைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, உள்ளேயும் வாய்ப் பக்கமும் காற்று புகாமல் கறுத்துப்போகும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். இந்தச் சேதியை ஓடு எந்த ஊர் மேசையில் இருந்தாலும் சொல்லும். ஆனால் அது எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது, எந்தத் தாழிக்குப் பக்கத்தில் கிடந்தது, அதன்மேல் எந்த மண் அடுக்கு மூடியிருந்தது என்பதெல்லாம் அது கிடந்த இடத்துக்கு மட்டுந்தான் தெரியும். நம் வீட்டு ஷோகேஸுக்கு வந்துவிட்டால் அது உடைந்த சட்டி. ஆதிச்சநல்லூர் மாதிரியே தாழிகள் கிடைத்த சிவகளையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தாழிக்குள் இருந்த நெல்மணியைச் சோதனைக்கு அனுப்பித்தான் கி.மு. 1155 என்று காலம் கணித்தார்கள். யாரும் கை வைக்காத தாழி, உள்ளே நெல், அதனால்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. அதே தாழியை யாராவது முன்னாலேயே கிளறியிருந்தால் அந்த நெல்லுக்கு வயதே சொல்ல முடியாமல் போயிருக்கும்.

பழைய பாண்டியர் துறைமுகமான கொற்கையிலும் இதே கதைதான். வயல் வரப்பில் நடந்தாலே சங்குத் துண்டும் ஓடும் காலில் தட்டும். பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்: பார்க்கலாம், குனிந்து உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம், எடுத்துக்கொண்டு வரக்கூடாது. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நம் சொந்த நிலத்தில் உழும்போது தாழியோ காசோ தட்டுப்பட்டால்கூட, 1878-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் ஆபீஸிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொன்னாலே மேலே போய்ச் சேரும். பயந்துபோய் மூடிவிடாதீர்கள், உடைத்தும் பார்க்காதீர்கள்.

உச்சி வெயிலும் பூட்டிய கதவும்

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. காலையில் நிதானமாக எழுந்து, குளித்து, டிபன் முடித்து, பத்தரைக்கு வண்டி எடுத்து, பதினொன்றரைக்கு ஏதாவது ஒரு கோயில் வாசலுக்குப் போய் நிற்பார்கள். உள்ளே போய் ஒரு சுற்று வருவதற்குள் நடை சாத்துகிற நேரம். கோயில்கள் நண்பகலில் சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணியாவது ஆகும். நடுவில் உள்ள நாலு மணி நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல், கொளுத்துகிற வெயிலில் ஆதிச்சநல்லூர் பறம்புக்கோ கழுகுமலைப் பாறைக்கோ போவார்கள். பத்து நிமிஷத்தில் பெரியவர்களுக்குக் கிறுகிறுப்பு வரும், பிள்ளைகள் அழ ஆரம்பிக்கும், பயணம் அதோடு முடிந்தது.

இதைத் தலைகீழாக மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். திறந்தவெளி இடங்களை வெயில் ஏறுவதற்கு முன் முடியுங்கள். பத்து மணிக்குக் கோயிலுக்குள் வாருங்கள். நடை சாத்தியதும் சாப்பிட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அதுதான் மத்தியானத்திலும் திறந்திருக்கும், நிழலும் இருக்கும். திருச்செந்தூர் ரோட்டுக்கு என் திட்டம் இப்படி: ஆதிச்சநல்லூருக்கு நேராக முதலில் போய்விடுவது, திரும்பி வரும் வழியில் கிருஷ்ணாபுரம், மத்தியானம் ஊருக்கு வந்து சாப்பாடு, அப்புறம் ரெட்டியார்பட்டி மலைப் பக்கம் 13 ஏக்கரில் கட்டியிருக்கிற பொருநை அருங்காட்சியகம், சாயங்காலம் நெல்லையப்பர் கோயில். பொருநை என்பது தாமிரபரணியின் பழைய பெயர். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். காலையில் அந்தச் செம்மண்ணை மிதித்துவிட்டு வந்து, மத்தியானம் அதே மண்ணிலிருந்து எடுத்த பொருளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும்போது வருகிற நிறைவை அனுபவித்தால்தான் தெரியும். முதலில் அருங்காட்சியகம், பிறகு களம் என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் மண்ணை முதலில் பார்க்கச் சொல்கிற கட்சி.

கிழமை விஷயத்திலும் கோட்டை விடுவார்கள். தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகத் துறை நடத்துகிற அருங்காட்சியகங்கள், பாளையங்கோட்டையில் இருப்பதும் சேர்த்து, வெள்ளிக்கிழமை திறப்பதில்லை. இரண்டாம் சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாள்களும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை எல்லா ஆபீஸும் பூட்டியிருக்கும் என்கிற பழக்கத்தில், சனிக்கிழமையே போய்விடலாம் என்று வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போன குடும்பங்களை நானறிவேன். கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையம் மத்திய அரசுடையது, அதற்குக் கணக்கு வேறு. ஒன்றுக்கு உள்ள விடுமுறைதான் மற்றதற்கும் என்று நினைக்காமல், கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

திருவிழா நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயிலுக்குப் போவது வேறு சந்தோஷம், அதைத் தவறவிடச் சொல்லவில்லை. ஆனால் அன்று தூணையும் சிற்பத்தையும் பார்க்க முடியாது. கந்த சஷ்டி சமயத்தில் திருச்செந்தூர் ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டமாக இருக்கும். சாரல் அடிக்கிற மாதங்களில் தென்காசி ரோட்டில் குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் நகரவே நகராது.

மாவட்டத்தின் பெயரை வைத்துத் தேடுவது

"திருநெல்வேலி மாவட்டத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்" என்று தேடினால் பாதி இடம் வராது. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை, கழுகுமலை, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு எல்லாம் இன்றைய கணக்கில் தூத்துக்குடி மாவட்டம். பராக்கிரம பாண்டியன் கட்டிய தென்காசிக் கோயிலும் பூலித்தேவனின் நெற்கட்டும்செவலும் தென்காசி மாவட்டம். கோடு போட்டது நேற்று, ஆற்றங்கரை பழசு. தேடும்போது மூன்று மாவட்டத்தையும் சேர்த்தே தேடுங்கள்.

பெயர்க் குழப்பத்தில் பெரிய நஷ்டம் கழுகுமலையில் நடக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி "கோயில் எங்க?" என்று கேட்டால், மலையடிவாரத்தில் உள்ள கழுகாசலமூர்த்தி கோயிலைக் காட்டுவார்கள். முருகனைக் கும்பிட்டுவிட்டு, கழுகுமலை பார்த்தாயிற்று என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டவர்கள் எத்தனையோ பேர். வெட்டுவான் கோயில் அதற்கு மேலே, பாறை ஏறிப் போனால்தான் வரும். அப்படியே கேளுங்கள், "வெட்டுவான் கோயிலுக்கு எப்படிப் போகணும்?" என்று. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே பாறையை மேலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து இறங்கியிருக்கிறார்கள். அதனால் சிகரம் முடிந்திருக்கிறது, அடிப்பாகம் முடியாமல் நிற்கிறது. பாறை விளிம்பில் நின்று பார்த்தால் விமானம் நம் கண் மட்டத்தில் இருக்கும். அதில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். ஓடிப்போய்ப் பார்த்தால் அது தெரியாது. ஓர் இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தால் தெரியும்.

அங்கிருந்து சற்று நடந்தால் பாறைச் சுவர் முழுக்கச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றின் கீழும் வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் யார் செய்வித்தது என்று வெட்டியிருக்கிறது. செய்வித்தவர்களில் குரத்தியர், அதாவது சமணப் பெண் ஆசிரியர்கள், இருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு பெண் ஆசிரியரின் பெயர் கல்லில் நிற்கிற இடம் இது. வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்குகிறது என்று இதை விட்டுவிட்டு இறங்குகிறார்கள், எனக்கு மனசு ஆறுவதே இல்லை. தண்ணீர் கையோடு கொண்டு போங்கள்.

பாஞ்சாலங்குறிச்சியில் வேறு மாதிரிக் குழப்பம். அங்கே நிமிர்ந்து நிற்கிற கோட்டை 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801-இல் தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சியில் அதே இடத்தில் கோட்டையை மறுபடி எழுப்பினார். அதையும் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். புதிய கோட்டைக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், பழைய அடித்தளம் எங்கே என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். முழங்கால் உயரச் சுவர்தான். அதுதான் நிஜம்.

கல் பேசும், தட்டாமலேயே

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களைத் தட்டாத கை திருநெல்வேலியில் குறைவு. பெரிய தூணைச் சுற்றி மெல்லிய தூண்கள், எல்லாம் ஒரே கல்லில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம். நானும் சின்ன வயசில் தட்டியிருக்கிறேன். ஆனால் நாணயத்தாலும் சாவியாலும் மோதிரத்தாலும் தட்டித் தட்டி அந்த இடங்கள் மழுங்கிக்கொண்டு வருகின்றன. ஒருவர் ஒரு தட்டுத் தட்டினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று நுழைவாசலில் அரை மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு கோயிலில் நானே பார்த்தது: வழிகாட்டியாக வந்தவர், சிற்பத்தின் விரல் கணுவில் ஐந்து ரூபாய்க் காசால் டங் டங் என்று தட்டிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. எங்கள் கூட வந்த சித்தப்பா, "அண்ணாச்சி, சத்தம் வேண்டாம், அது யாருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். அந்த ஆளும் நல்ல மனுஷர், உடனே காசைப் பையில் போட்டுக்கொண்டு கதை சொன்னார், கதை அதைவிட நன்றாகவே இருந்தது. நாம் கேட்பதைத்தான் வழிகாட்டிகள் காட்டுகிறார்கள். சத்தம் கேட்டால் சத்தம், கதை கேட்டால் கதை.

கல்வெட்டைப் படிப்பதற்காகச் சாக்பீஸால் தேய்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் விபரம் தெரிந்தவர்களே செய்கிற தவறு. காலையிலோ சாயங்காலத்திலோ வெளிச்சம் சாய்ந்து விழுகிற நேரத்தில் பார்த்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிற்கும், தானாகவே எழுந்து தெரியும். மண்டபத்துக்குள் என்றால் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், அவ்வளவு போதும். சீவலப்பேரி பக்கம் மறுகால்தலைக் குகையில் காசிபன் என்பவர் கொடுத்த கற்படுக்கை என்று தமிழி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறது. இரண்டாயிரம் வருஷமாக நிற்கிற அந்த எழுத்தை நம் கை தேய்க்க வேண்டாம். பாறையில் பெயர் எழுதுவது, சமணச் சிற்பத்துக்குக் குங்குமம் வைப்பது, கற்பூரம் ஏற்றுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் இதில் அடக்கம். பக்தியில்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் எண்ணெயில் தூசி படிந்து இறுகினால் அதைக் கழற்ற முடியாது.

தென்காசிக் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், அங்கே கல்லில் ஒரு வேண்டுகோள் வெட்டி வைத்திருக்கிறார். இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதாவது குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும், உலகம் அறிய அவரைப் பணிகிறேன் என்று. ஒரு ராஜா, இன்னும் பிறக்காதவர்களைப் பார்த்துக் கும்பிடுகிறார். இடிந்துபோய் நெடுங்காலம் மொட்டையாக நின்ற அந்த ராஜகோபுரம் 1990-இல் மறுபடி எழுந்தது. வாசலில் செல்பி எடுக்கிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தக் கல்வெட்டு இருப்பது தெரியும்? கேட்டுப் போய்ப் பாருங்கள், காட்டுவார்கள்.

போன் விஷயம் ஒன்று. தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்ள ஏற்பாடு இருக்கும். இது தெரியாமல் வந்து வாசலில் சண்டை போடுகிறார்கள். சிற்பம் பார்ப்பதற்கு இது நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை, போன் இல்லாத கையோடு போனவர்கள் தூணுக்கு முன் நிற்கிற நேரம் கூடுகிறது. ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரே நாளில் எட்டுக் கோயில்

அம்பாசமுத்திரம் பக்கம் போகிறவர்களுக்கு இது. சேரன்மகாதேவி, திருப்புடைமருதூர், மன்னார்கோவில், திருவாலீஸ்வரம், பிரம்மதேசம் எல்லாம் கிட்டக்கிட்ட இருப்பதால், காலை எட்டு மணிக்குள் மூன்று, மத்தியானத்துக்குள் ஐந்து என்று அரக்கப் பரக்க ஓடுவார்கள், நடுவில் பாபநாசம் குளியல் வேறு. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் எந்த விமானம் எந்த ஊர் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. இரண்டு போதும். என்னைக் கேட்டால் ஒரு நாளைக்கு மன்னார்கோவிலும் திருவாலீஸ்வரமும். மன்னார்கோவில் ராஜகோபாலசுவாமி கோயிலை, ராஜேந்திர சோழன் காலத்தில் அவனுக்குக் கீழிருந்த சேர அரசன் ராஜசிம்மன் கட்டினான். மூன்று அடுக்கு விமானத்தில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் சேவை சாதிக்கிறார். திருவாலீஸ்வரத்தில் சோழப் படையான மூன்றுகை மகாசேனை பற்றிய கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கோயிலைப் பாதுகாக்கும் பொறுப்பு அந்தப் படையிடம் இருந்தது. வயல் நடுவில் அவ்வளவு அமைதியாக இருக்கிற ஊரில் ஒரு பெரிய சேனை நின்றது என்பதை நினைத்துப் பார்க்கவே கொஞ்ச நேரம் வேண்டும்.

திருப்புடைமருதூருக்குத் தனி நாள் கொடுங்கள். நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள்ளே ஐந்து தளங்களிலும் சுவர் நிறைய ஓவியங்கள்: போர்க்களம், குதிரை ஏற்றி வரும் கப்பல், புராணக் கதைகள். மர வேலைப்பாடும் அங்கேயே. யாரும் நினைத்த நேரத்தில் ஏற முடியாது, அதனால் முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். இது தெரியாமல் வந்து கோபுரத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அனுமதி கிடைத்தால் பிளாஷ் போடாதீர்கள், சுவரில் முதுகைச் சாய்க்காதீர்கள், ஈரக் கையால் தொடாதீர்கள். ஊருக்குள்ளே மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டியிருக்கும், ஊர்க்காரர்கள் அவற்றைப் பிள்ளைகள் மாதிரிக் காப்பாற்றுகிறார்கள். வெடிச் சத்தமும் ஹாரனும் அங்கே ஆகாது.

உள்ளூர்க்காரர்கள் செய்கிற தவறும் ஒன்று உண்டு, தினம் கடந்து போகிற இடத்தைப் பார்க்காமலே இருப்பது. ஜங்ஷனிலிருந்து பாளைக்குப் பஸ்ஸில் போகும்போது தாமிரபரணியைத் தாண்டுகிறோமே, சுலோசன முதலியார் பாலம், அது 1843-இல் ஒரு மனிதர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. பதினோரு வளைவுகள். பாலத்தின் மேலே நின்றால் வளைவு தெரியாது, ஆற்றுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். பாளையில் மேடை போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற கட்டடம் பழைய கோட்டையின் மிச்சம். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று பெரியவர்கள் சொல்கிற சின்னத் தேவாலயத்தை 1785-இல் கிளாரிந்தா என்கிற விதவைப் பெண் கட்டினார். ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்து ஊசிக்கோபுரத் தேவாலயம் 1826. இந்த நான்கையும் ஒரு சாயங்காலம் நடந்தே பார்த்துவிடலாம்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். "இது எந்த நூற்றாண்டு சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சையும் வைக்காதீர்கள். ஓர் இடத்துக்கு ஒரு பொருள், அதை வரையட்டும். வரைய உட்கார்ந்தால்தான் கண் நிற்கும்.

போன வருஷம் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில் என் தங்கை மகள், ஆறாம் வகுப்பு, ராஜகுமாரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற குறத்தி சிலைக்கு முன் நோட்டோடு உட்கார்ந்துவிட்டாள். நாயக்கர் காலத்துச் சிலை, ஆள் உயரம், தூணோடு சேர்ந்து ஒரே கல். மற்றவர்கள் அர்ஜுனன், கர்ணன், ரதி, மன்மதன் எல்லோரையும் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியில் நிழலில் போய் நின்றுகொண்டு, "வாட்டி, நடை சாத்தப் போறாவ" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அசையவில்லை. நான் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். முகத்தை இன்னும் தொடவே இல்லை, பாதத்தில்தான் இருந்தாள்.

"பெரியம்மா, இந்தக் கால் விரல்ல நகம் இருக்கு பாருங்க. நகத்துக்குப் பக்கத்துல இருக்க சதையக்கூடத் தனியா செதுக்கியிருக்காவ."

நானும் அத்தனை முறை அந்தச் சிலைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். தரையில் உட்கார்ந்து, அவள் பென்சில் காட்டிய இடத்தைப் பார்த்தேன்.